பெரிஸ்தெரா மதுச்சாடிகள்: 2,400 ஆண்டு பழைய சரக்குக் கப்பலைக் கடலடியிலேயே விட்டுவைத்தது ஏன்?

கிரேக்க நாட்டின் அலோனிசோஸ் தீவுக்கு அருகே கடலடியில் கிடக்கும் ஒரு பழங்கால வணிகக் கப்பலை, 2020 ஆகஸ்டில் அந்நாட்டு அரசு, காற்றுக் குப்பியோடு இறங்கும் ஸ்கூபா முக்குளிப்பவர்களுக்குத் திறந்துவிட்டது. கிரேக்கத்தின் முதல் கடலடி அருங்காட்சியகம் என்று செய்திகள் அதை அழைத்தன. இந்தக் கப்பலின் படம் எங்கே வந்தாலும் இரண்டு கேள்விகள் கூடவே வருகின்றன. இவ்வளவு அரிய பொருள் என்றால் மேலே எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைக்காமல் ஏன் உப்புநீரில் விட்டிருக்கிறார்கள்? அங்கேயே விடுவதுதான் பாதுகாப்பு என்றால், சுற்றுலாப் பயணிகளை ஏன் அதனருகே அனுப்புகிறார்கள்?

இரண்டும் நியாயமான கேள்விகள். ஒன்றின் விடை மற்றொன்றின் காலை வாருவது போலவும் தோன்றும். கீழே கிடப்பது என்ன என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டால் முரண்பாடு பெரும்பாலும் தீர்ந்துவிடும். முழுவதும் தீராது, மிச்சம் இருப்பதையும் பார்ப்போம்.

## கப்பல் என்கிறோம், கப்பல் இல்லை

அலோனிசோஸ், ஏஜியன் கடலின் வடமேற்கில் உள்ள வட ஸ்போராடிஸ் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்தது. அதற்குக் கிழக்கே, குறுகிய நீர்ப்பரப்பைத் தாண்டினால், குடியிருப்பில்லாத சிறு தீவு பெரிஸ்தெரா. அதன் கரையோரத்தில் கடலடியில் சாடிக் குவியல் ஒன்று கிடப்பதை 1985இல் ஒரு மீனவர் கண்டார். 1990களின் தொடக்கத்தில், எல்பிடா ஹட்ஸிடாகி தலைமையில் கிரேக்க அரசின் கடலடித் தொல்பொருள் துறை அங்கே அகழாய்வு நடத்தியது. கப்பல் மூழ்கிய காலம் கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதி என்று கணித்தார்கள்.

சுமார் 22 மீட்டர் ஆழத்தில் தொடங்கி 28 மீட்டர் அளவுக்குச் சரியும் கடலடியில்தான் அந்தக் குவியல். பாய்மரத்தையும் விலாக்கட்டைகளையும் எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாந்துபோவார். மரம் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. மண்சாடிகள் ஒரு மேடாகக் குவிந்திருக்கின்றன. அந்த மேடு நீளவாக்கில் ஒரு கப்பலின் உருவத்தைக் கொண்டிருக்கிறது.

இந்தச் சாடிக்கு ஆம்போரா என்று பெயர். இரண்டு கைப்பிடி, குறுகிய கழுத்து, கூரான அடிப்பாகம் கொண்ட சுடுமண் கலம். மத்தியதரைக் கடல் நாடுகளில் மது, எண்ணெய், மீன்சாறு எல்லாம் இதில்தான் பயணம் செய்தன. அரிக்கமேட்டு அகழாய்வில் கிடைத்த ரோமானியச் சாடி ஓடுகளால் தமிழ் வாசகர்களுக்கும் இது அறிமுகமான பொருள்தான். ஆனால் பெரிஸ்தெரா சாடிகள் அவற்றைவிடச் சில நூற்றாண்டுகள் மூத்தவை. தரையில் தானாக நிற்காத இந்தக் கூர் அடியைப் பார்த்து வியப்பவர்கள் உண்டு. தரையில் நிறுத்துவதற்காக அது செய்யப்படவே இல்லை. கப்பலின் அடித்தளத்தில் ஒரு வரிசையை நெருக்கமாக நிறுத்திவிட்டு, அவற்றின் தோள்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் மேல்வரிசைச் சாடிகளின் கூர்முனைகளைச் செருகுவார்கள். வரிசைமேல் வரிசையாக ஏற்றினாலும் சரக்கு ஆடாது.

## மரம் போன பின்னும் உருவம் நின்றது எப்படி

1. மூழ்கிய கப்பல் அடித்தரையில் அமர்கிறது. செருகி அடுக்கிய சாடிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால் சரக்கின் பெரும்பகுதி இருந்த இடத்திலேயே நிற்கிறது.

2. நீரில் வெளிப்பட்டிருக்கும் மரத்தைக் கப்பல்புழு தின்கிறது. புழு என்று பெயரே தவிர, அது சிப்பி இனத்தைச் சேர்ந்தது. மத்தியதரைக் கடல் போன்ற வெதுவெதுப்பான, உயிர்வளி நிறைந்த நீரில் இது வெகுவேகமாக வேலை செய்யும். பக்கவாட்டுப் பலகைகள் நொறுங்கியதும் சரக்கு இருபுறமும் கொஞ்சம் சரிந்து மேடாகிறது.

3. சரக்கின் எடையால் அழுந்தி மணலுக்குள் புதைந்த அடிப்பலகைகளுக்கு உயிர்வளி எட்டுவதில்லை. புழுவும் எட்டுவதில்லை. எனவே கப்பலின் மரம் எங்காவது மிஞ்சியிருக்கும் என்றால் அது குவியலுக்கு அடியில்தான்.

4. மேலே தெரியும் சாடிகள்மீது கடற்பஞ்சும் சுண்ணாம்புப் படிவும் ஏறுகின்றன. சில நூறு ஆண்டுகளில் குவியல் முழுவதும் சுற்றியுள்ள நீரோடும் மணலோடும் ஒரு சமநிலைக்கு வந்துவிடுகிறது. அதன்பின் மாற்றம் மிக மெதுவாகவே நடக்கும்.

கருங்கடலின் ஆழத்தில் உயிர்வளியே கிடையாது. அங்கே, பல்கேரியக் கரைக்கு அப்பால் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் சுமார் 23 மீட்டர் நீளமுள்ள ஒரு கிரேக்க வணிகக் கப்பல் மரத்தோடு மரமாக அப்படியே நிற்பதாக 2018இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அதுவும் ஏறத்தாழ 2,400 ஆண்டு பழையது. பெரிஸ்தெராவுக்கு அதே வயது. ஒன்றுக்கு மரம் எஞ்சியது, மற்றொன்றுக்குச் சரக்கு எஞ்சியது. இரண்டையும் பிரித்தது நீரில் கரைந்திருக்கும் வாயுதான்.

சமநிலை என்று சொன்னேன். அதைக் குலைக்கும் குடித்தனக்காரர் ஒருவர் எல்லா இடத்திலும் உண்டு. பேய்க்கணவாய்க்கு (ஆக்டோபஸ்) பழஞ்சாடி மிகப் பிடித்த வீடு. ஓட்டுத்துண்டுகளையும் சிறு பொருள்களையும் அது உள்ளே இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். சாடிக்குள் கிடைத்த பொருள் சாடியோடு வந்த பொருளா என்று முடிவுசெய்யும் முன் தொல்லியலாளர்கள் இதன் கைவரிசையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

## குவியலைப் படித்தால் என்ன கிடைக்கிறது

பெரிஸ்தெராவில் அகழ்ந்தது குவியலின் ஒரு சிறு பகுதியை மட்டுமே. அதற்குள்ளேயே பழைய கணக்கு ஒன்று புரண்டுவிட்டது.

மேல்வரிசையை எண்ணி, தோண்டிப் பார்த்த இடத்தில் எத்தனை வரிசை என்று பார்த்து, குவியலின் பரப்போடு பெருக்கி, 3,000 முதல் 4,000 சாடிகள் என்ற மதிப்பீட்டுக்கு ஆய்வாளர்கள் வந்தார்கள். மது நிறைந்த சாடி ஒன்றை 30 கிலோ என்று வைத்துக்கொண்டாலே 4,000 சாடிகளுக்கு 120 டன். அவ்வளவையும் சுமந்த கப்பல் சுமார் 25 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையதாக இருந்திருக்க வேண்டும்.

இந்தக் கப்பல் கிடைக்கும்வரை, அந்தக் காலத்துக் கிரேக்கச் சரக்குக் கப்பலின் உச்ச அளவு 1,500 சாடி, அதாவது 70 டன் என்றே கருதிவந்தார்கள். நூறு டன்னைத் தாண்டும் மரக்கலங்கள் கி.மு. 1ஆம் நூற்றாண்டில் ரோமானியர் கைவண்ணம் என்பது பரவலான எண்ணம். பிரான்ஸின் தென்கரையில் 1967இல் கண்டெடுக்கப்பட்ட மத்ராக் தெ ஜியான் கப்பல் அதற்கு உதாரணமாக நின்றது. சுமார் 40 மீட்டர் நீளம், 6,000க்கு மேற்பட்ட சாடிகள். பெரிஸ்தெரா அந்த எல்லைக்கோட்டை மூன்று நூற்றாண்டுக்கும் மேல் பின்னுக்குத் தள்ளியது. சைப்ரஸின் கிரீனியாவில் கிடைத்த கிரேக்கக் கப்பலை இதன் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு நன்றாகப் புரியும். பெரிஸ்தெராவுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிந்தியதாக இருந்தும் கிரீனியா கப்பலின் நீளம் 14 மீட்டர்தான், அதிலிருந்த சாடிகள் சுமார் 400. பெரிய கப்பலும் சிறிய கப்பலும் பக்கம் பக்கமாகவே ஓடியிருக்கின்றன. காலம் செல்லச்செல்லக் கப்பல் பெரிதானது என்ற நேர்க்கோட்டு வரலாறு இங்கே நிற்கவில்லை.

அடுத்தது, சரக்கு எங்கிருந்து வந்தது என்பது. மது அனுப்பிய பல நகரங்கள் தம் மதுவுக்குத் தனி வடிவச் சாடி வைத்திருந்தன. இங்கே இரண்டு வடிவங்கள் தெரிந்தன. ஒன்று, வடகிரேக்கத்தின் கால்கிதிகே தீபகற்பத்திலுள்ள மெண்டே நகரத்தினுடையது. மற்றொன்று, பெபரேத்தோஸ் தீவினுடையது; இன்றைய ஸ்கோபெலோஸ், அலோனிசோஸுக்குப் பக்கத்துத் தீவு. சாடிகளோடு கறுப்பு மெருகேற்றிய மேசைக் கலங்களும் கிடைத்தன. மதுவையும் மது குடிக்கும் கோப்பையையும் ஒரே கப்பலில் அனுப்பிய வணிகர் தன் வாடிக்கையாளரை அறிந்தவர்.

அது போர்க்காலம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. கி.மு. 423இல் மெண்டே நகரம் ஏதென்ஸுக்கு எதிராகக் கிளர்ந்தது. அதே ஆண்டில் ஏதென்ஸ் அதைத் திரும்பப் பிடித்தது. அப்படிப்பட்ட கடலில் இவ்வளவு பெரிய சரக்கை ஒரே கப்பலில் ஏற்றி அனுப்பத் துணிந்திருக்கிறார்கள்.

அந்தத் துணிவுக்கு யார் பணம் போட்டது? பெரிஸ்தெராவைப் பற்றி நேரடி ஆவணம் இல்லை. ஆனால் இதே மதுவைப் பற்றிய கடன் பத்திரம் ஒன்று, ஏதென்ஸின் புகழ்பெற்ற பேச்சாளர் டெமாஸ்தனிஸ் பெயரில் வந்துள்ள கி.மு. 4ஆம் நூற்றாண்டு வழக்குரை ஒன்றில் பதிவாகியிருக்கிறது. இருபது துடுப்புக் கப்பலில் 3,000 சாடி மெண்டே மதுவை ஏற்றிக் கருங்கடல் பகுதிக்குக் கொண்டுபோக 3,000 திராக்மா கடன். வட்டி ஆயிரத்துக்கு 225 திராக்மா. குறிப்பிட்ட விண்மீன் உதயத்துக்குப் பின், அதாவது புயல்காலம் நெருங்கிய பின் திரும்பிப் புறப்பட்டால் ஆயிரத்துக்கு 300. கப்பல் பத்திரமாக வந்து சேர்ந்தால்தான் கடன் அடைக்க வேண்டும். மூழ்கினால் நட்டம், கடன் கொடுத்தவருக்கு. கப்பலைக் காக்கச் சரக்கைக் கடலில் எறிய நேர்ந்தாலும், பகைவருக்குப் பணம் கட்ட நேர்ந்தாலும் அந்த இழப்பைக் கழித்துக்கொள்ளலாம். வட்டியும் காப்பீடும் ஒரே சீட்டில். கடன் வாங்கியவர்கள் 3,000 சாடி என்று சொல்லிவிட்டு 450 மட்டுமே ஏற்றினார்கள் என்பதுதான் வழக்கு. கருங்கடலுக்குப் போகும் மதுக்களைப் பட்டியலிடும்போது அதே உரை மெண்டேயையும் பெபரேத்தோஸையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

இந்த வழக்கம் பிற்காலத்தில் நம் கரைக்கும் வந்தது. சேரநாட்டு முசிறிக்குச் சென்று திரும்பிய ஹெர்மப்பொல்லோன் என்ற கப்பலின் சரக்கு விவரத்தோடு, முசிறிப் பயணத்துக்கான கடன் ஒப்பந்தத்தைக் குறிப்பிடும் கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் வியன்னாவில் இருக்கிறது.

இப்போது பெரிஸ்தெராவுக்குத் திரும்புவோம். மேலே சொன்ன முடிவுகளை எது கொடுத்தது என்று கவனியுங்கள். கப்பலின் அளவு, குவியலின் நீள அகலத்திலிருந்து வந்தது. சாடிகளின் எண்ணிக்கை, வரிசைகளிலிருந்து வந்தது. எந்தச் சரக்கு முதலில் ஏறியது, எது பிறகு ஏறியது என்ற கேள்விக்கு எது எதன்மேல் கிடக்கிறது என்பதுதான் சாட்சி. ஒரு சாடியைத் தனியே எடுத்து வைத்தால் அது எந்த ஊர்ச் சாடி என்று மட்டும் சொல்லும். அப்படிப்பட்ட சாடிகள் அருங்காட்சியகங்களில் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

## கிடப்பு கலைந்தால் நேர்வது

1943இல் கூஸ்தோவும் காஞானும் பிரான்ஸில் அக்வாலங் கருவியை உருவாக்கினார்கள். முதுகில் காற்றுக் குப்பியோடு யாரும் இறங்கலாம் என்ற நிலை வந்தது. 1952 முதல், மார்செய் அருகே கிராண் கோங்லூவே என்ற இடத்தில் கூஸ்தோவின் குழு ஒரு பழங்காலக் கப்பலைத் தோண்டியது. முழுகியவர்கள் தேர்ந்த முக்குளிப்பவர்கள். தொல்லியலாளரோ மேலே இருந்தார். ஆயிரக்கணக்கில் பொருள்கள் மேலே வந்தன. சாடிகளின் காலம் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. பல ஆண்டு விவாதத்துக்குப் பிறகே, அங்கே கிடந்தவை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இடைவெளியில் மூழ்கி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த இரண்டு கப்பல்கள் என்று தெளிவானது. எந்தப் பொருள் எந்த அடுக்கில் இருந்தது என்று குறித்திருந்தால் அங்கேயே, அப்போதே தெரிந்திருக்கும்.

1960இல் துருக்கியின் கெலிடோன்யா முனையில் வெண்கலக் காலக் கப்பலை ஆராயப் போன தொல்லியலாளர் ஜார்ஜ் பாஸ், தானே முழுகக் கற்றுக்கொண்டு இறங்கினார். நிலத்தில் செய்வதுபோல அளந்து, வரைந்து, படமெடுத்து, பிறகே எடுத்தார். கடலடித் தொல்லியல் ஒரு முறையான துறையானது அங்கிருந்துதான்.

## மேலே எடுப்பது ஏன் எளிதல்ல

மண்சாடியின் நுண்துளைகளில் கடல் உப்பு ஏறியிருக்கும். எடுத்துக் காயவைத்தால் உப்பு படிகமாகி உள்ளிருந்து தள்ளும்; மேற்பரப்பு செதில் செதிலாக உதிரும். அதனால் ஒவ்வொன்றையும் நன்னீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ உப்பை வெளியேற்ற வேண்டும். மரம் என்றால் இன்னும் பெரிய வேலை. நீருக்குப் பதில் மெழுகு போன்ற பொருளை இழைக்குள் ஏற்றாவிட்டால் காயும்போது சுருங்கி முறுக்கிக்கொள்ளும். கிரீனியா கப்பலுக்கு அப்படித்தான் செய்தார்கள். ஒரு கப்பலின் மரத்துக்கே ஆண்டுக்கணக்கில் ஆய்வகமும் பணமும் போகும். நாலாயிரம் சாடிகளுக்கு இதைச் செய்து, பிறகு கிடங்கில் அடுக்கிவைப்பதால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டால் எனக்கு விடை தெரியவில்லை.

கடலடிப் பண்பாட்டு மரபைப் பாதுகாக்க 2001இல் யுனெஸ்கோ ஏற்ற உடன்படிக்கையும் இதையே முதல் தெரிவாகச் சொல்கிறது. நூறு ஆண்டுக்கு மேல் நீரில் கிடக்கும் எச்சங்களை இருக்கும் இடத்திலேயே காப்பதை முதலில் பரிசீலிக்க வேண்டும். அவற்றை வணிகப் பொருளாக்கக் கூடாது. அதே உடன்படிக்கையில், குலைக்காமல் பார்வையிட மக்களுக்கு இடமளிப்பதை ஊக்குவிக்க வேண்டும் என்ற வரியும் உண்டு. இந்த இரண்டாவது வரியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

## தடை ஏன் வந்தது, ஏன் தளர்ந்தது

கிரேக்கத்தில் கடலுக்கடியில் கிடக்கும் தொல்பொருள்கள் அரசின் உடைமை. 1900இல் சிமி தீவின் கடற்பஞ்சுக் குளிப்பவர்கள் ஆண்டிகிதெராவில் வெண்கலச் சிலைகளைக் கண்டபோது அரசுக்குத் தெரிவித்தார்கள். ஸ்கூபா பரவிய பிறகு அந்த நாணயத்தை எல்லாரிடமும் எதிர்பார்க்க முடியவில்லை. 1950, 60களில் பிரான்ஸின் தென்கரையில் முக்குளிப்பவர்கள் எட்டும் ஆழத்தில் கிடந்த குவியல்களின் மேல்வரிசைச் சாடிகள் வீட்டு அலங்காரப் பொருளாகக் காணாமல் போயின. அப்படி நேரக்கூடாது என்று கிரேக்கம், தன் கடற்கரையில் பெரும்பகுதியை ஸ்கூபாவுக்கு மூடியே வைத்திருந்தது.

2005இல் வந்த சட்டம் இந்த முறையைத் தலைகீழாக மாற்றியது. அதுவரை அனுமதித்த இடம் தவிர மற்றெங்கும் தடை; அதன்பின் தடைசெய்த இடம் தவிர மற்றெங்கும் அனுமதி. தொல்லியல் இடங்கள் தடைப் பட்டியலிலேயே இருந்தன. அவற்றில் சிலவற்றை வழிகாட்டியோடு பார்க்கவிடும் ஏற்பாடாக வந்ததுதான் 2020ஆம் ஆண்டுத் திறப்பு.

## 28 மீட்டர் என்பதன் பொருள்

ஆழம் இந்தக் கதையில் வெறும் எண் இல்லை. யார் போகலாம், எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. குவியலின் முதல் காவலும் அதுவே.

1. அழுத்தம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 28 மீட்டரில் மொத்தம் 3.8 மடங்கு. சுற்றியுள்ள அழுத்தத்துக்கு ஈடாகவே ரெகுலேட்டர் என்ற மூச்சுக்கருவி காற்றைத் தருவதால் ஒவ்வொரு மூச்சிலும் 3.8 மடங்கு காற்று செலவாகிறது.

2. காற்று. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சுவிடுபவர் கீழே 76 லிட்டர் செலவழிப்பார். 12 லிட்டர் குப்பியில் 200 பார் அழுத்தத்தில் 2,400 லிட்டர் காற்று இருக்கும். 50 பாரை அவசரத்துக்கு ஒதுக்கினால் 1,800 லிட்டர் மிச்சம். 28 மீட்டரிலேயே இருந்தால் 23 நிமிடத்தில் தீரும். மேலே வருவதற்கும் காற்று வேண்டும் என்பதால் கையில் இருப்பது அதைவிடக் குறைவு.

3. நைட்ரஜன். அழுத்தத்தில் மூச்சுவிடும்போது நைட்ரஜன் உடல் திசுக்களில் கரைகிறது. வேகமாக மேலே வந்தால், மூடி திறந்த கோலி சோடாவைப் போல அது குமிழாக வெளிவரும். மூட்டுகளையும் நரம்பு மண்டலத்தையும் தாக்கும். இடையில் நின்று நின்று ஏற வேண்டிய கட்டாயம் இல்லாமல் 28 மீட்டரில் சாதாரணக் காற்றோடு இருக்கக்கூடிய நேரம் சுமார் 20 நிமிடம். குவியலின் மேல்விளிம்பான 22 மீட்டரில் அது 35 நிமிடத்தை எட்டும். எனவே ஆழமான முனையை முதலில் பார்த்துவிட்டு மேல்நோக்கி நகர்வதே புத்திசாலித்தனம். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏறி, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வெளியே வருவது பொது வழக்கம்.

4. மயக்கம். 30 மீட்டரை நெருங்கும்போது அதே நைட்ரஜன் சிலருக்குப் போதை போன்ற மந்தத்தைத் தரும். ஆபத்து இன்னதென்று உணராமல் தெம்பாக இருப்பதாகத் தோன்றுவதே இதன் ஆபத்து. சற்று மேலே ஏறினால் தெளிந்துவிடும்.

இதனால்தான் தொடக்கநிலைச் சான்றிதழ் உள்ளவருக்கு இங்கே இடமில்லை. அந்தச் சான்றிதழின் எல்லை 18 மீட்டர். 30 மீட்டர் வரை அனுமதிக்கும் அடுத்தநிலைச் சான்றிதழ் வேண்டும். நைட்ராக்ஸ் எனப்படும், உயிர்வளி 32 விழுக்காடாகக் கூட்டப்பட்ட காற்றைப் பயன்படுத்தத் தெரிந்தவர் அதே ஆழத்தில் சுமார் 30 நிமிடம் இருக்கலாம். ஆனால் உயிர்வளியே நஞ்சாகும் எல்லை அதற்கு 33 மீட்டர் அளவில் வந்துவிடும். முழுகிய கையோடு விமானம் ஏறவும் கூடாது. ஒரு முறை முழுகியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை முழுகியவர் 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும்.

கண்ணுக்குக் கிடைப்பதையும் ஆழம் தீர்மானிக்கிறது. சிவப்பு நிறம் முதல் சில மீட்டர்களிலேயே நீரில் உறிஞ்சப்பட்டுவிடும். விளக்கு இல்லாமல் பார்த்தால் குவியல் முழுவதும் நீலச்சாம்பல். விளக்கை அடித்தால்தான் சாடிகள்மேல் படர்ந்திருக்கும் கடற்பஞ்சின் செம்மையும் ஆரஞ்சும் தெரியும். செய்திகளில் வரும் வண்ணப் படங்கள் பெரும்பாலும் செயற்கை ஒளியில் எடுத்தவை.

## பார்வையாளர் என்ன கெடுக்க முடியும்

திருட்டைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். அன்றாடம் நேரக்கூடிய சேதம் வேறு.

1. நங்கூரம். ஒரு படகு தவறான இடத்தில் நங்கூரம் போட்டு இழுத்தால், நூறு முக்குளிப்பவர்கள் ஆண்டு முழுவதும் செய்யாத சேதம் ஒரே நிமிடத்தில் ஆகிவிடும்.

2. இழுவைமடி. அடித்தரையைச் சுரண்டும் வலைக்குச் சாடி என்றும் கல் என்றும் வேறுபாடு கிடையாது. பெரிஸ்தெரா, 1992இல் அறிவிக்கப்பட்ட அலோனிசோஸ் கடல் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் இருப்பது இங்கே நல்வாய்ப்பு. துறவிச் சீல்கள் என்ற அரிய கடல்விலங்குகளைக் காக்க வந்த விதிகள் சாடிகளுக்கும் குடை பிடித்தன.

3. கால் துடுப்பு. மிதப்பைச் சரியாகக் கட்டுப்படுத்தத் தெரியாதவர் கீழே இறங்கிவிட்டால் பதறி உதைப்பார். மணல் கிளம்பும், படிவு பெயரும், சாடி உடையும்.

4. கை. ஒரு சாடியைத் தொட்டுப் பார்ப்பது குற்றமா என்று தோன்றலாம். ஒருவர் தொட்டால் ஒன்றும் இல்லை. பருவம் முழுவதும் ஒவ்வொருவரும் அதே சாடியைத் தொட்டால் அதன்மேல் இருக்கும் உயிர்ப்படலம் தேய்ந்து, அடியிலுள்ள மண் நேரடியாக நீரை எதிர்கொள்ளும்.

கிரேக்கர்களின் ஏற்பாடு இவற்றுக்கு ஏற்றபடிதான் இருக்கிறது. தனியே போக முடியாது. அனுமதி பெற்ற முக்குளிப்பு மையத்தின் வழிகாட்டியோடு, சிறு குழுவாக, கோடைப் பருவத்தில் மட்டும். குவியலுக்கு மேலே தள்ளி மிதந்தபடி சுற்றிவர வேண்டும், எதையும் தொடக்கூடாது. கடலடியில் கேமராக்கள் பொருத்தி, குவியலில் மாற்றம் ஏற்பட்டால் கணினியே கண்டுகொள்ளும் கண்காணிப்பு முறையும் வைத்திருக்கிறார்கள். முழுகத் தெரியாதவர்களுக்காக அலோனிசோஸின் பழைய ஊரில் ஒரு தகவல் மையம். மெய்நிகர் கண்ணாடி அணிந்து குவியலைச் சுற்றிவரலாம்.

## திறந்தது சரியா

சரி என்றே நினைக்கிறேன். இந்த இடத்துக்கு மட்டும். மறைத்துவைப்பதால் ஒரு கப்பல் பாதுகாப்பாக இருந்தது என்பது பெரும்பாலும் நம் கற்பனை. 28 மீட்டரில் கிடக்கும் குவியலை உள்ளூர் மீனவர்கள் அறிவார்கள். அவர்கள் வழியே மற்றவர்களும் அறிவார்கள். யாரும் போகாத இடத்தில் ஒரு சாடி குறைந்தால் அது தெரியவருவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். தினமும் வழிகாட்டி இறங்கும் இடத்தில் மறுநாளே தெரியும். அந்த வழிகாட்டியின் பிழைப்பு அந்தச் சாடியை நம்பியிருப்பது கூடுதல் பலம். தீவின் விடுதிக்காரரும் படகுக்காரரும்கூட இப்போது காவலாளிகள்தான்.

ஆனால் இது எல்லாக் கடலுக்கும் ஒத்துவரும் சூத்திரமல்ல. பெரிஸ்தெராவில் மூன்று நிலைமைகள் கூடிவந்திருக்கின்றன. சரக்கு உறுதியான சுடுமண், பார்வையால் கெடாது. ஆழம், அனுபவமற்றவரைத் தடுக்கும் அளவுக்கு அதிகம், அனுபவமுள்ளவரை அனுமதிக்கும் அளவுக்குக் குறைவு. சுற்றியுள்ள கடல் ஏற்கெனவே கண்காணிப்பில் இருக்கும் பூங்கா. இதில் ஒன்று குறைந்தாலும் கணக்கு மாறும்.

இலங்கையின் தென்கரையில், அம்பலாந்தோட்டைக்கு அருகே கொடவாயவில் கிடக்கும் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியப் பெருங்கடலில் இதுவரை அறியப்பட்ட மிகப் பழைய கப்பல் எச்சம் அதுதான், காலம் கி.மு. 2ஆம் நூற்றாண்டுக்கும் கி.பி. 1ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது. 30 மீட்டருக்குச் சற்றுக் கீழே கிடக்கிறது. கண்ணாடிக் கட்டிகளும், மங்கலச் சின்னங்கள் பொறித்த கல் அரைகல்களும் அதன் சரக்கில் அடங்கும். அவற்றில் பல, பைக்குள் வைத்து எடுத்துச் செல்லும் அளவுள்ளவை. திறந்த பெருங்கடலின் அலையும் நீரோட்டமும் ஏஜியன் தீவுக்கு மறைவான நீரைப் போல அடங்கிக் கிடப்பவை அல்ல. பெரிஸ்தெராவைப் பார்த்துவிட்டு அங்கேயும் திறக்கலாமே என்பவர்கள், முதலில் சரக்கின் பட்டியலையும் கடலின் குணத்தையும் பார்க்க வேண்டும்.

தீராத சிக்கல் ஒன்று பெரிஸ்தெராவிலும் உண்டு. குவியலின் பெரும்பகுதி இன்னும் அகழப்படவில்லை. கப்பலின் அடிப்பலகை, மாலுமிகளின் சமையல் பாத்திரங்கள், சரக்கு ஏறிய வரிசைமுறை எல்லாம் கீழ் அடுக்குகளில்தான் இருக்கும். அகழாய்வைத் தொடர வேண்டுமானால் மேல்வரிசைச் சாடிகளை அகற்றியாக வேண்டும். பார்வையாளர்கள் பணம் கட்டிப் பார்க்க வருவதோ அந்த மேல்வரிசையை. காட்சியாக வைத்திருக்கும் ஒவ்வொரு ஆண்டும் ஆய்வு தள்ளிப்போகிறது. ஆய்வைத் தொடங்கும் ஆண்டில் காட்சி மூடப்படும், அதன்பின் குவியல் பழைய உருவில் இருக்காது. முக்குளிப்பு மையங்களும் விடுதிகளும் ஊரின் வருமானத்தில் பங்கு பெற்றுவிட்ட பிறகு அந்த முடிவை எடுக்கும் அதிகாரிக்கு, 1990களில் அதே இடத்தில் இறங்கியவர்களுக்கு இருந்த சுதந்திரம் இருக்காது.